மூன்று முறை நிஜம்

சட்டை ஈரமாக இருந்தது.

லெவ்கே கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். போர்ப் பயிற்சி முடிந்ததும் எல்லாருடைய லேசர் உணரிச் சட்டைகளையும் உலர்த்தும் அறையில் தொங்கவிட்டு இரவு முழுக்க வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் காயவைப்பார்கள். காலையில் மாட்டிக்கொள்ளும்போது அடுப்படியில் கிடந்த துணிபோலக் கதகதப்பாக, ரப்பரும் பழைய வியர்வையும் கலந்த வாடையோடு இருக்கும். டிசம்பர் மாதத்தில், அந்தப் பொட்டல் காட்டில், ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கிற ஒரே சுகம் அதுதான். இதுவோ முதுகுப் பக்கம் சில்லென்று நனைந்து கிடந்தது. வியர்வை வாடையே இல்லை. பல நாள் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் வருமே, சிமெண்டும் பூஞ்சையும் சேர்ந்த ஒரு நெடி, அதுதான் வந்தது.

"என்னடா இது, ஆத்துல முக்கி எடுத்துட்டு வந்தியா?"

"ஓரத்துல தொங்கிச்சு போல. போட்டுக்கோ, உடம்புச் சூட்டுல காஞ்சிடும்," என்றான் ஹென்னிங். "காபி ஆறுது பாரு."

சட்டையை அவன்தான் அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தான். அது விதிக்கு விரோதம். சட்டை கொடுக்கிற ஜன்னலில் அவரவர் அடையாள அட்டையை அவரவர்தான் நீட்ட வேண்டும். அட்டையில் இருக்கிற பெயரும் சட்டையில் இருக்கிற எண்ணும் அந்த இடத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்தச் சட்டைதான் ஆள், பெயர் எழுதிய ஒரு புள்ளி. உள்ளே இருப்பது யார் என்று எந்தக் கணினியும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அன்று வரிசை வாசல்வரை நீண்டிருந்தது, லெவ்கே ரொட்டியைப் பாதிகூடத் தின்று முடிக்கவில்லை, ஹென்னிங் "அட்டையைக் குடு, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினான். கொடுத்துவிட்டாள். வேறு எவனாவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? சத்தியமாக மாட்டாள். ஹென்னிங் அவளுடைய மகன் யோஸ்ட்டுக்கு ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவன். அட்டை என்ன பெரிய அட்டை, அவள் வீட்டுச் சாவியே அவனிடம் ஒன்று இருக்கிறது.

அவள் சட்டையை மாட்டியபோது அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். இடம் விடுகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது கல்யாணம். துப்பாக்கியையும் சட்டையையும் சேர்த்துவைப்பதற்கு அங்கே எல்லாரும் சொல்கிற பெயர் அது. குழல் முனையில் மாட்டிய லேசர் பெட்டியைச் சட்டையின் நெஞ்சுக் குமிழில் ஒரு நொடி வைத்து எடுத்தால், தோளிலிருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் "தயார்" என்று சொல்லும். ஹென்னிங்குக்கு உடனே சொன்னது. லெவ்கே வைத்து எடுத்தாள். பதில் இல்லை. தோளில் ஏதோ சீறியது. குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தால் கேட்குமே, அந்த மாதிரி. அப்புறம்தான் வந்தது. "தயார்."

"பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலை போலடா," என்று சிரித்தாள் லெவ்கே.

ஹென்னிங் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்து நடந்துவிட்டான்.

அவன் போன குளிர்காலத்திலிருந்தே இப்படித்தான். அந்த வருடப் பயிற்சிக்கு லெவ்கே வரவில்லை. யோஸ்ட்டுக்கு அம்மை போட்டிருந்தது. அந்தப் பயிற்சியில்தான் அவர்கள் குழுவிலிருந்த ஃபால்க் இறந்துபோனான், விளையாட்டுச் சாவு அல்ல, உண்மையான சாவு. தனியாக ஒரு நிலவறையில் விழுந்து கிடந்தானாம், குளிரில் விறைத்துப்போனானாம், பக்கத்தில் ஒருவரும் இல்லையாம். ஹென்னிங் அப்போது ஊரின் மறுகோடியில் இருந்ததாகச் சொன்னான். அதற்கப்புறம் வசந்தத்தில் ஒரு பயிற்சி, இலையுதிர்காலத்தில் ஒரு பயிற்சி. இரண்டிலிருந்தும் திரும்பி வந்து பேயடித்தவன்போல உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை வர முடியாது என்று மருத்துவரிடம் போய்க் கெஞ்சியும் பார்த்தான். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். லெவ்கேதான் அவனைச் சமையலறையில் உட்காரவைத்துச் சூப் ஊற்றிக் கொடுத்து, "நான் கூடவே இருக்கேன்ல, அப்புறம் என்ன பயம்?" என்று தேற்றினாள்.

ஷ்டைன்ரோடேக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது மூடுபனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சண்டை போட்டுப் பழகுவதற்காகக் கட்டிய ஊர் அது. தெருக்கள் உண்டு, மாடி வீடுகள் உண்டு, பள்ளிக்கூடமும் தேவாலயமும்கூட உண்டு. கட்டிய நாளிலிருந்து ஒரு மனிதன் அங்கே குடியிருந்ததில்லை, ஒரு அடுப்பு எரிந்ததில்லை, ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, காற்று ஒரு வீட்டில் நுழைந்து அடுத்த வீட்டில் வெளியே வந்துகொண்டிருந்தது, கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் இல்லாத நாய் ஒன்று குரைத்துக்கொண்டும் இல்லாத குழந்தை ஒன்று அழுதுகொண்டும் இருந்தன. லெவ்கேவுக்கு அது பழகிப்போன ஊர். மத்தியானம்வரை எதிரணியைத் துரத்தியதில் உடம்பு சூடேறி, வெந்த பட்டாணிச் சூப்பைத் தகரக் கோப்பையில் குடித்தபோது நாக்குகூடச் சுட்டது. முதுகில் மட்டும் ஈரம் காயவில்லை. காலையில் இருந்ததைவிட இப்போது கூடியிருந்தது.

மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிட்டது. இருவர் இருவராகப் பிரிந்து வீடுகளைச் சோதிக்கச் சொன்னார்கள். ஆலைத் தெருவின் கடைசி வீட்டுக்குள் முதலில் லெவ்கே, பின்னால் ஹென்னிங். வெறும் சிமெண்டுத் தரை, மூலையில் யாரோ தின்று போட்ட சாக்லேட் காகிதம், சுவரில் நிலவறைக்கு இறங்கும் இரும்புக் கதவு ஒன்று. அவள் நடு அறையைத் தாண்டும்போது தோளில் பெண்குரல் பேசியது.

"நீங்கள் காயமடைந்துள்ளீர்கள். இடது கால்."

"எவன்டா சுட்டான்? ஒரு சத்தமும் கேக்கலையே!"

இங்கே துப்பாக்கி சுடுவது ஒளியை. ஆனாலும் வெற்றுத் தோட்டா வெடிக்கும், திசை தெரியும். கூட இருப்பவனுக்கு அடிபட்டால் எந்தச் சிப்பாயும் முதலில் செய்வது சுட்ட திசையைத் தேடுவது. கை தன்னால் அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பிவிடும். ஹென்னிங் ஜன்னலைப் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்க்கவில்லை. இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ போய்ப் படுத்துக்கோ," என்றான். "காத்து அடிக்காது. நான் நடுவரைக் கூட்டிட்டு வரேன்."

"இங்கயே படுக்கறேனே."

"சொன்னாக் கேளு, லெவ்கே. தயவுசெஞ்சு."

கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். பாவம், பயந்து கிடக்கிறான் என்று அவளுக்கு மனசு இளகியது. விதிப்படி காலை நொண்டியபடி படியிறங்கினாள். ஆறாவது ஏழாவது படியிலேயே நொண்டுவதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. கடைசிப் படியில் மடங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே கதவு பாதி சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். நிலவறை எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டி, சொட்டிய இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது போலும், ஒவ்வொரு சொட்டும் முந்தையதைவிடக் கெட்டியாகக் கேட்டது. அந்த நெடி. காலையில் சட்டையில் வந்த அதே நெடி, இப்போது நாலாபுறமும். இந்தச் சட்டை இங்கேதான் கிடந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. இங்கே எப்படி வரும்? இரவெல்லாம் உலர்த்தும் அறையில் தொங்கியதாயிற்றே. அவள் தொடையைக் கிள்ளினாள். வலிக்கவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். வேறு யாருடைய காலையோ கிள்ளுவதுபோல இருந்தது.

தோளில் மூச்சு இழுபட்டது.

"ஹென்னிங்."

பெண்குரல் அல்ல. ஒரு இளைஞனின் குரல், பற்கள் தந்தியடிக்கப் பேசுகிற குரல்.

"ஹென்னிங், சிரிக்காதடா. காலு உடைஞ்சிருக்கு. நடிக்கலடா. நிஜம்டா."

லெவ்கே தலையைத் திருப்பித் தோளைப் பார்த்தாள். எவனோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து விளையாடுகிறான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள், "எந்த நாய்டா அது?" என்று கத்தவும் செய்தாள். தோளில் பெண்குரல் திரும்ப வந்தது, மரியாதையாக, நிதானமாக.

"நீங்கள் காயமடைந்துள்ளீர்கள். இடது கை."

கை விழுந்தது. மடியில் விழுந்து கிடந்த கையை அவள் பார்த்தாள். விரலை அசைக்க முயன்றாள். அசையவில்லை.

இது விளையாட்டு அல்ல. விளையாட்டு அல்லாத விஷயத்துக்கென்று அங்கே ஒரு வார்த்தை உண்டு. வயர்லெஸ்ஸில் அதை மூன்று முறை சொன்னால் போதும், மொத்தப் பயிற்சியும் அந்த இடத்திலேயே நிற்கும், நடுவர்கள் விளக்கோடு ஓடிவருவார்கள், ஆம்புலன்ஸ் வரும். வேடிக்கைக்கு அதைச் சொல்பவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலது கையால் பொத்தானை அழுத்தினாள்.

"நிஜம்! நிஜம்! நிஜம்! லெவ்கே பேசறேன். ஆலைத் தெரு, கடைசி வீடு, நிலவறை. எழுந்திருக்க முடியலை. உடனே வாங்க!"

தலைமை நடுவர் கிராலின் குரல் உடனே வந்தது. மனுஷன் முப்பது வருடம் படையில் இருந்தவர், பதறமாட்டார். "கேட்டுச்சு லெவ்கே. பாக்கறேன், பொறு." விசைப்பலகை தட்டும் சத்தம். "என்னம்மா சொல்ற? உன் புள்ளி தெருவுல நிக்குது. நல்லா நடந்துகிட்டிருக்கே. நிலவறையில இருக்கிறது ஹென்னிங்."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

அப்புறம் விளங்கியது. அட்டையை வாங்க நீட்டிய கை. ஈரச் சட்டை. ஓரடி பின்னால் நகர்ந்த கால். திரையில் அவள் ஹென்னிங். அவன் லெவ்கே. வரிசையில் நின்று, இரண்டு அட்டைக்கும் இரண்டு சட்டை வாங்கி, தன் பெயர் ஏறிய சட்டையை அவளுக்குப் போர்த்திவிட்டு, காபி ஆறுது பாரு என்று சொல்லியிருக்கிறான்.

"சார், சட்டை மாறிப்போச்சு! நான்தான் கீழ..."

"ஹென்னிங் பேசறேன், சார்." வயர்லெஸ்ஸில் அவன் குறுக்கே வந்தான். தெளிவான குரல். "நிலவறையில நான்தான் இருக்கேன். காயம், விதிப்படி படுத்திருக்கேன். ஒரு பிரச்சனையும் இல்ல. லெவ்கே குளிர் தாங்காம வம்பு பண்றா, அவ்வளவுதான்."

"பொய்! சார், அவன் பொய் சொல்றான்!"

"லெவ்கே!" கிராலின் குரல் கடுத்தது. "எந்த வார்த்தையோட விளையாடறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்? போன வருஷம் ஒருத்தனைப் பறிகொடுத்திருக்கோம். சாயங்காலம் என் அறைக்கு வா."

"சார்... சார்..."

"நீங்கள் இறந்துவிட்டீர்கள்," என்றது தோள்.

வயர்லெஸ் அணைந்தது. இறந்தவர்கள் பேசக்கூடாது என்பதால் சட்டையே அதை அணைத்துவிடும். பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வெறும் கட்டைபோலக் கிடந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குளிரால் அல்ல, பயத்தால்கூட அல்ல. அடப்பாவி. அடப்பாவி, உனக்கு நான் என்னடா குறை வைத்தேன்? என் பிள்ளையை முதுகில் உப்புமூட்டை ஏற்றித் தோட்டமெல்லாம் ஓடினாயே.

மேலே கதவு திறந்தது. கைவிளக்கு வெளிச்சம் படிகளில் இறங்கி அவள் முகத்தில் விழுந்தது. ஹென்னிங் வாசற்படியிலேயே நின்றான், ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை.

"மன்னிச்சிரு, லெவ்கே." அவன் அழுதுகொண்டிருந்தான். "எந்த எண் வாங்கினாலும் அது வருது. என் பேர்ல இருக்கிற சட்டைக்குத்தான் வருது. வசந்தத்துல பேச மட்டும்தான் செஞ்சுது. போன தடவை காலைப் புடிச்சு இழுத்துச்சு. இந்தத் தடவை விடாதுன்னு தெரியும்."

"நீ மறுகோடியில இருந்தேன்னு சொன்னியே."

"இல்ல. இங்கதான் இருந்தேன். இதே படியில. ஃபால்க் விளையாட்டுல செத்த புள்ளி, வயர்லெஸ் கிடையாது, கத்தினான். நடிக்கிறான்னுதான் நெனச்சேன், சத்தியமா. நல்லா நடிக்கிறடான்னு சொல்லிச் சிரிச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "முதல்ல அப்படித்தான் நெனச்சேன்."

"முதல்லன்னா?"

"அப்புறம் தெரிஞ்சுது. ஆனா நாங்க ஜெயிச்சுகிட்டு இருந்தோம், லெவ்கே. நிஜம்னு சொல்லிட்டா எல்லாம் நின்னுடும், மறுபடி முதல்ல இருந்து. தேவாலயத்தைப் பிடிச்சுட்டு வந்து சொல்லிக்கலாம்னு போனேன். பிடிச்சதும் எல்லாரும் கட்டிப்புடிச்சுக் கத்தினாங்க. நான் மறந்துட்டேன்."

மறந்துட்டேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"என்னைத் தூக்குடா," என்றாள். "இன்னும் நேரம் இருக்கு. வந்து தூக்கு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். யோஸ்ட்டுக்காகவாவது தூக்கு."

கைவிளக்கு ஆடியது. அவன் ஒரு படி இறங்கினான். இறங்கவே செய்தான். அப்போது நிலவறையின் உள்மூலையில் ஏதோ தரையில் உரசியது.

உரசியது. நின்றது. உரசியது.

ஹென்னிங் அந்த ஒரு படியைத் திரும்ப ஏறிவிட்டான்.

"ஹென்னிங்?"

குரல் இப்போது தோளிலிருந்து வரவில்லை.

வெளிச்சத்தின் ஓரத்துக்கு அது வந்தது. முதலில் கை. நகங்கள் நீலம். பிறகு தலைமுடி, உறைந்து குச்சி குச்சியாக. ஒரு கால் நேராக இழுபட்டது. மற்றது பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. முகத்தில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, கண் இருக்க வேண்டிய இடத்திலும்.

"நான் ஹென்னிங் இல்ல!" லெவ்கே அலறினாள். "லெவ்கே! நான் லெவ்கே! அவன் மேல நிக்கிறான்! சட்டையை மாத்திட்டான், மேல பாரு, மேல பாரு!"

அது நின்றது.

தலையைத் தூக்கியது. கழுத்தில் பனிக்கட்டி நொறுங்குகிற சத்தம். படிகளின் உச்சியைப் பார்த்தது. கைவிளக்கைப் பார்த்தது.

"மேல யாரு?"

ஹென்னிங் மூச்சிரைப்பது கீழே வரை கேட்டது. லெவ்கே அவன் முகத்தைப் பார்த்தாள். தெரிந்த முகம். பத்து வருடமாகத் தெரிந்த முகம். சொல்லிவிடுவான். இதுவரை செய்தது போகட்டும், இப்போது சொல்லிவிடுவான். கண்ணுக்கு எதிரே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேறென்ன சொல்ல முடியும் அவனால்?

"லெவ்கே," என்றான் ஹென்னிங். "நான் லெவ்கே. கீழ கிடக்கிறவன்தான் ஹென்னிங்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

இருட்டு.

உரசல். பக்கத்தில். இன்னும் பக்கத்தில். விதிப்படி இறந்தவர்கள் கழற்ற வேண்டிய தலைக்கவசத்தை விறைத்த விரல்கள் அவள் தலையிலிருந்து பொறுமையாகக் கழற்றித் தரையில் வைத்தன. பிறகு அது அவள் அருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது, உடைந்த காலை வசதியாக நீட்டிக்கொண்டு. தொடவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மரத்திருந்தது.

"நி... நிஜம்..."

இருட்டில் அது சிரித்தது. நேரம் நிறைய இருக்கிறவன் சிரிக்கிற சிரிப்பு.

"நல்லா நடிக்கிற, ஹென்னிங். இன்னொரு தடவை சொல்லு."